அரை நிழலில் காய்கறி: சென்னை மாடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்ததும் மாடித்தோட்டக்காரர்கள் தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்திவிடுவார்கள். செடி வாடாது, உண்மைதான். ஆனால் கத்தரியும் வெண்டையும் இலையாகத் தழைத்துக் காய் பிடிக்காமல் நிற்பதற்கு அந்த இடமே காரணமாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நிழலை ஒரே நாள் பார்த்து முடிவு செய்வது. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஆகஸ்ட் பாதிவரை நண்பகலில் சற்று வடக்கே தள்ளி நிற்கும். மார்கழியிலோ தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். அதனால் படிக்கட்டு அறைக்கு வடக்கே இருக்கும் மூலை பொங்கல் சமயத்தில் நாள் முழுக்க நிழலாக இருக்கும், கத்திரி வெயிலில் வறுபடும். தொட்டி வைக்குமுன் காலை 8, பகல் 12, மாலை 4 மணிக்கு நிழல் விழும் கோட்டைச் சாக்பீஸால் குறியுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் குறியுங்கள்.

மணிக்கணக்கு மட்டும் போதாது, எந்த நேரத்து வெயில் என்பதும் முக்கியம். காலை 7 முதல் 11 வரை வெயில் விழும் கிழக்குப் பக்கம் கீரைக்கு அருமையான இடம். மேற்குக் கைப்பிடிச் சுவரோரமும் அதே நான்கு மணி நேரம்தான் வெயில் விழலாம். ஆனால் அது பிற்பகல் வெயில். சுவர் உறிஞ்சிய சூடு இரவிலும் வேரை வாட்டும். அங்கேதான் வைக்க வேண்டுமென்றால் தொட்டிக்கு அடியில் செங்கல் கொடுத்து, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள்.

தக்காளி, கத்தரி, வெண்டைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். அரை நிழலுக்குப் புதினா, வல்லாரை, பசலை, மணத்தக்காளி, சேப்பங்கிழங்கு, இஞ்சி, மஞ்சள் பொருத்தமானவை. மே மாதத் தக்காளிப் பூ உதிர்ந்தால் நிழல்வலை கட்டியும் பெரிய பலன் இராது. இரவு வெப்பமே 28 டிகிரியை ஒட்டி நிற்கும்போது பூ காயாக மாறுவது கடினம். அந்தச் செடிகளை ஆடிப்பட்டத்துக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஏற்கெனவே சுவர் நிழல் உள்ள இடத்தில் 75 சதவீத வெயிலைத் தடுக்கும் நிழல்வலையையும் கட்டிவிடாதீர்கள். வெளிச்சம் போதாத செடி அதைக் காட்டிக்கொடுக்கும்: கணுக்களின் இடைவெளி நீளும், தண்டு வெளிறி மெலிந்து ஒரே பக்கம் சாயும். அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறவைத்த உரக் கரைசல்) தெளித்தால் தளிர் இன்னும் மென்மையாகி, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு வசதியாகிவிடும்.

கடைசியாகத் தண்ணீர். வெயில் படும் தொட்டிக்கு ஊற்றும் அதே அளவை நிழல் தொட்டிக்கும் ஊற்றினால் வேர் அழுகும். இரண்டு விரற்கடை ஆழம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.