எழுத்து சின்னதாகத் தெரிகிறதா? ரெசல்யூஷனில் கை வைக்காதீர்கள்

பூம்பாறையில் சித்தப்பா மலைப்பூண்டு வியாபாரம் பார்க்கிறார். கணக்கெல்லாம் ஒரு 14 அங்குல லேப்டாப்பில். போன வாரம் போயிருந்தபோது ஸ்கிரீனில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். "டேய், இது 3-ஆ 8-ஆ பாரு. பனிமூட்டத்துல பஸ் போர்டு படிக்கிற மாதிரி இருக்கு" என்றார். கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தும் பார்த்தாராம்.

கோளாறு கண்ணாடியில் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாரோ ரெசல்யூஷனை, அதாவது படத்தை எத்தனை புள்ளிகளில் வரைவது என்ற அளவை, 1366×768 ஆகக் குறைத்துவிட்டிருந்தார்கள். ஸ்கிரீனிலோ 1920×1080 புள்ளிகள். அப்படியென்றால் படத்தின் ஒரு புள்ளி ஸ்கிரீனில் சுமார் 1.4 புள்ளியை நிரப்ப வேண்டும். 0.4 புள்ளிக்கு எங்கே போவது? லேப்டாப் பக்கத்துப் புள்ளியோடு நிறத்தைக் கலந்து ஒப்பேற்றுகிறது. 'பூண்டு' என்று அடித்தால் ண் எழுத்தின் சுழிகள் அடைத்துப்போய்க் கறுப்புக் கட்டியாகத் தெரிந்தது அதனால்தான்.

சரி, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வழி ஒன்றுதான்.

1. டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' திறங்கள்.

2. 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' பட்டியலில் எதன் பக்கத்தில் 'ரெக்கமெண்டட்' என்று இருக்கிறதோ, அதைத் தேர்ந்தெடுங்கள். 'கீப் சேஞ்சஸ்' கொடுக்கச் சொல்லிக் கேட்கும். எப்போதாவது தவறான அளவைக் கொடுத்து ஸ்கிரீன் இருண்டுவிட்டால் பதறி எதையும் தட்டாதீர்கள். 15 வினாடியில் தானாகப் பழையபடி வந்துவிடும்.

இப்போது எழுத்து எறும்பு மாதிரி ஊரும். இந்த இடத்தில்தான் பலரும் பயந்து திரும்பிவிடுகிறார்கள்.

3. அதே பக்கத்தில் எழுத்து, ஐகான் எல்லாவற்றையும் பெரிதாக்கும் 'ஸ்கேல்' இருக்கும். 100-ஐ 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். 150 வைத்தால் 1280×720-இல் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான் அடங்கும்; ஆனால் எல்லாப் புள்ளிகளையும் பயன்படுத்தி வரைவதால் எழுத்து கூர்மையாக இருக்கும். எக்செலில் தெரிகிற வரிசைகள் குறையும், அது ஒன்றுதான் நஷ்டம். 14 அங்குலத்துக்கு 125 போதும் என்பது என் கட்சி.

பழைய பில்லிங் மென்பொருள் மட்டும் இன்னமும் மங்கலாக இருக்கலாம். அதன் ஐகானில் ரைட் கிளிக், 'ப்ராப்பர்டீஸ்', 'கம்பேட்டிபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போய், கீழே உள்ள 'ஓவர்ரைடு' கட்டத்தை டிக் செய்து 'சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)' வையுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு 'செட்டிங்ஸ்', 'டிஸ்ப்ளேஸ்'. 125 போன்ற இடைப்பட்ட அளவுகள் தெரியாவிட்டால் 'ஃபிராக்ஷனல் ஸ்கேலிங்'கை ஆன் செய்யுங்கள்.

சித்தப்பா என் கட்சியில் சேரவில்லை. 150-லேயே நின்றுகொண்டார். அப்புறம் ஸ்கிரீனைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த வத்தலக்குண்டு ஆளுக்கு நான் 330-னு போட்டது..." என்று இழுத்தபடி பழைய கணக்கைத் திறந்தார்.