செபஸ்தியாரை எண்ணெய் வண்ணத்தில் வரைபவர்கள் தவிர்க்க வேண்டியவை

எண்ணெய் வண்ணம் பழகும் கத்தோலிக்கப் பிள்ளைகள் பலர் தங்கள் முதல் பெரிய படத்துக்குப் அம்பு தைத்த வெற்றுடம்போடு வரையப்படும் புனித செபஸ்தியாரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். புரிகிறது. உடற்கூறு வரையத் தெரியும் என்று காட்ட கோயிலே அனுமதிக்கும் வாய்ப்பு அது. ஆனால் அவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்தால், நாங்கள் பழகிய காலத்துத் தவறுகள் ஒன்றுகூட மாறாமல் அப்படியே இருக்கின்றன. தூரிகையைக் கழுவாதது, விரல்கள் சரியாக வராதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அம்பிலேயே இறந்துபோனதாக வரைவது

செபஸ்தியார் அம்புகளால் இறக்கவில்லை. 5-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவரது பாடுகளின் வரலாறு சொல்வது இது: பேரரசர் டயோக்ளீசியனின் காவல்படைத் தலைவராக இருந்துகொண்டே கிறிஸ்தவர்களுக்கு உதவியவர் பிடிபடுகிறார். கட்டிவைத்து அம்பெய்து, செத்தார் என்று விட்டுப் போகிறார்கள். அடக்கம் செய்ய வந்த ஐரீன் என்ற விதவை, உயிர் இருப்பதைப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயம் ஆற்றுகிறார். தேறி எழுந்த மனிதர் ஊரைவிட்டு ஓடவில்லை. நேரே பேரரசர் முன்னால் போய் நின்று கண்டிக்கிறார். அப்புறம்தான் தடியால் அடித்துக் கொன்று உடலை ரோமின் பெரிய சாக்கடையில் வீசுகிறார்கள்.

ஆகவே அம்பு தைத்து நிற்கும் உடல் உயிருள்ள உடல். மூச்சு இழுத்த விலா, எடை தாங்கும் ஒரு கால், கட்டு இழுப்பதால் மேலேறிய தோள் எல்லாம் தெரிய வேண்டும். புதியவர்கள் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்து வரைவதுபோல் தலையைத் தொங்கவிட்டு, கறுப்பும் மஞ்சளும் கலந்த பச்சை நிழலை உடம்பெல்லாம் தடவிவிடுகிறார்கள். பிணம்தான் கிடைக்கும். டச்சு ஓவியர் டெர் புருகன் 1625-இல் வரைந்த படத்திலும் செபஸ்தியார் உடல் வெளிறிச் சாம்பல் பூத்துத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பக்கத்திலேயே அம்பைப் பிடுங்கும் ஐரீனை வைத்திருக்கிறார். உயிர் போகுமா நிற்குமா என்ற கேள்வியே அந்தப் படம். அப்படி ஒரு எண்ணம் இருந்தால் நீங்களும் வெளிறவையுங்கள். நிறம் கலக்கத் தெரியாமல் வெளிறவைக்காதீர்கள்.

இளைஞராகத்தான் வரைய வேண்டும் என்று சட்டமும் இல்லை. ரோமில் சான் பியேத்ரோ இன் வின்கோலி கோயிலில் உள்ள 7-ஆம் நூற்றாண்டு மொசைக்கில் அவர் தாடி வைத்த பெரியவர், முழு உடை, உடம்பில் ஓர் அம்பும் இல்லை. இன்று புதிதாக வரைகிறவர் இதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

எட்டுத் திசை அம்புகள்

வில்லாளிகள் ஒரு பக்கம்தான் நின்றிருப்பார்கள். ஒவ்வோர் அம்புக்கும் உடம்பின் மேல் நிழல் உண்டு.

அடியில் கறுப்பைக் கொட்டுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இது. இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் உடல் எல்லோருக்கும் பிடிக்கிறது. இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் அச்சுப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, கேன்வாஸ் முழுக்க ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணத்தை லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயில் குழைத்துத் தடிமனாக அடிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள், ஒட்டவில்லை. சரி, காய்ந்துவிட்டது என்று அதன் மேலே வண்ணத்தை நீர்க்கவைக்கும் டர்பன்டைன் கலந்த தோல் நிறத்தில் செபஸ்தியாரை வரைகிறார்கள். அன்றைக்குப் படம் பிரமாதமாகத்தான் இருக்கும். அதுதான் வம்பு.

டர்பன்டைன் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய் அப்படிப் போவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல மெல்ல இறுகும். மேலே ஆடை படிந்த பிறகும் உள்ளே பல வாரம், தடிமனாக இருந்தால் பல மாதம், நெகிழ்ந்துகொண்டே இருக்கும். ஐவரி பிளாக் எண்ணெயை நிறைய வாங்கிக்கொள்ளும், இறுகுவதற்கும் தாமதிக்கும். டர்பன்டைன் கலந்து மெல்லிதாகப் பூசிய தோல் நிறமோ முந்திக்கொண்டு விறைத்துவிடும். அடியில் அசைவு, மேலே விறைப்பு. வெடிக்காமல் என்ன செய்யும்?

என்னிடம் பழகிய ஒரு பையன் தன் ஊர்க் கோயிலுக்கு இப்படித்தான் ஆளுயரப் படம் ஒன்று செய்துகொடுத்தான். கோடு நன்றாக வரும் பையன். வெளிநாட்டு ட்யூப், பெல்ஜியம் லினன் என்று சேமிப்பையெல்லாம் அதில் போட்டான். அடுத்த கோடையில் கழுத்திலிருந்து விலா வரை கோடு கோடாகப் பிளந்து, பிளவுக்குள் கறுப்பு தெரிந்தது. காயம் திறக்கிறது, இது அற்புதம் என்று ஒரு பாட்டி மெழுகுதிரி ஏற்றிவிட்டார். பங்குத்தந்தை படத்தை மெதுவாகக் கழற்றிச் சாமான் அறையில் வைத்தார். பையன் என்ன செய்தான் தெரியுமா? பிளவுகளுக்கு மேலே இன்னொரு பூச்சு அடித்தான். அடியில் உள்ளது நகர்ந்துகொண்டிருக்கும்போது மேலே எத்தனை முறை பூசி என்ன? அதுவும் பிளந்தது. திருத்த வழியே இல்லாத தவறு இது. சுரண்டி எறிந்துவிட்டு வேறு கேன்வாஸ் எடுக்க வேண்டியதுதான்.

பிளக்காவிட்டாலும் தப்பிக்க முடியாது. எண்ணெய் வண்ணம் வயதாக ஆக ஒளியைக் கூடுதலாக உள்ளே விடும். இன்று அடியிலிருப்பதை மறைக்கும் தோல் நிறம் பிற்காலத்தில் மறைக்காது. செபஸ்தியார் ஆண்டுக்காண்டு இருண்டுகொண்டே போவார்.

கரவாஜியோ இப்படிச் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் பழுப்பு அடித்தளத்தின் மேல் வேலை செய்தவர். இருளான இடங்கள் பெரும்பாலும் மெல்லிய பூச்சுகள். சில இடங்களில் அந்தப் பழுப்பையே வெறுமனே விட்டிருக்கிறார். தடித்த பூச்சை வெளிச்சம் விழும் இடத்துக்கு வைத்துக்கொண்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் அடுக்கை ரா அம்பர் என்ற பழுப்பு மண் நிறத்தில், டர்பன்டைன் கலந்து, மெல்லிதாகப் போடுங்கள். அதிலுள்ள மாங்கனீஸ் எண்ணெயைச் சீக்கிரம் இறுகவைக்கும். உடல் வரப்போகும் இடத்தை இருட்டாக்காதீர்கள். மேலே போகப்போக எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒருபோதும் குறைக்காதீர்கள். ஆழ்ந்த இருள் வேண்டுமா? பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்து கடைசி அடுக்குகளில் உடலைச் சுற்றி வையுங்கள். ட்யூப் கறுப்பைவிட உயிருள்ள இருள் கிடைக்கும்.

இதைக் கேட்டுவிட்டு கறுப்பு ட்யூபையே தூக்கி எறிகிற கூட்டம் ஒன்று உண்டு. அதுவும் வேண்டாம். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் ஓக்கர், ஒரு சிவப்பு ஆகிய நான்கைக்கொண்டே அருமையான தோல் நிறம் செய்தவர் என்று பெயர் பெற்றவர். மேலே சொன்ன பச்சைப் பிணம் கறுப்பும் மஞ்சளும் சேர்ந்ததால் வந்ததில்லை, சிவப்பைச் சேர்க்க மறந்ததால் வந்தது.

ஹார்டுவேர் கடை எண்ணெய்

டபுள் பாயில்டு லின்சீட் கதவுக்கும் ஜன்னலுக்கும். புனிதருக்கு வேண்டாம்.

தங்க வட்டம்

புனிதர் தலையைச் சுற்றிய ஒளிவட்டத்துக்குத் தங்க நிறப் பெயிண்ட் என்று விற்பதில் பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த பொடிதான் இருக்கும். நாளாக ஆகப் பழுப்பாகும், பச்சையும் பிடிக்கும். அசல் தங்கத் தாளை ஒட்டுங்கள், அல்லது மஞ்சள் ஓக்கரும் வெள்ளையும் கலந்து ஒளியை வரையுங்கள். வட்டமே போடாவிட்டாலும் அம்பைப் பார்த்து ஆளை அடையாளம் தெரிந்துவிடும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடுவது

தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகரடப்பாவில் போடுங்கள்.

திருவிழாத் தேதியை வைத்து வார்னிஷ் அடிப்பது

செபஸ்தியார் திருநாள் ஜனவரி 20. கோயிலிலிருந்து ஆர்டர் வருவதோ அக்டோபரில், மழை தொடங்கும்போது. ஈரக் காற்று, வெயில் இல்லாத அறை, கொடியேற்றத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். ஹேர் டிரையரைப் பிடித்தால் மேல்தோல்தான் இறுகிச் சுருங்கும், உள்ளே ஒன்றும் நடக்காது. காயாத படத்தின் மேல் வார்னிஷ் அடித்தால் வார்னிஷும் வண்ணமும் ஒன்றாகிவிடும். பிறகு அந்த வார்னிஷைத் துடைத்தெடுக்கப் போனால் தோல் நிறமும் கூடவே வரும். பிசுபிசுப்பு மாறாத படத்தில் மெழுகுதிரிப் புகையும் தூபமும் படிந்தால் கேட்கவே வேண்டாம்.

மெல்லிய படத்துக்கு ஆறு மாதம், தடித்த பூச்சுக்கு ஓராண்டு. அதுவரை மங்கிய இடங்களில் ரீடச் வார்னிஷ் என்ற தற்காலிக மெல்லிய வார்னிஷை லேசாகத் தடவிக்கொள்ளலாம். அக்டோபரில் வந்து கேட்டால் அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். இந்த ஆண்டே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அக்ரிலிக்கில் செய்துகொடுத்து, அக்ரிலிக் என்று சொல்லியே கொடுங்கள். பின்னால் அதன் மேல் எண்ணெய் வண்ணத்தில் தொடர ஆசைப்பட்டால், வார்னிஷ் அடிக்காமல் விட்டுவைத்தால் அதற்கும் இடம் உண்டு. எண்ணெயின் மேல் அக்ரிலிக் மட்டும் கூடவே கூடாது, உரிந்து வந்துவிடும்.