எலக்ட்ரான்கள் தனித்தனியாக நடக்காத இடம்: நானோ இயற்பியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் இயற்பியலோ வேதியியலோ படிக்கிற பிள்ளைகளுக்கு நானோ புதிய விஷயம் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே திறக்கப்பட்டது. அன்றிலிருந்து இந்த ஊருக்கு ஆய்வகப் பழக்கம் உண்டு. தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற எம்.எஸ்சி. மாணவர்கள்கூடத் துத்தநாக ஆக்சைடு தூளைத் தயாரித்து, எக்ஸ்ரே எடுத்து, ஷெரர் சமன்பாட்டில் துகளின் அளவைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். அந்த வேலை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் அதற்கு அப்புறம், புராஜெக்டின் கோட்பாட்டு அத்தியாயத்தில் வருகிறது. குறைந்த பரிமாணம், குவாண்டம் புள்ளி (எலக்ட்ரான்கள் மிகச் சிறிய இடத்தில் அடைபட்ட துகள்), வலுவாக ஊடாடும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே பத்தியில் வந்து விழுகின்றன. எந்த ஆற்றல் எந்த ஆற்றலைவிடப் பெரியது என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விடுபடலிலிருந்து கிளைத்தவை.

முதலில் அளவு. 30 நானோமீட்டர் துத்தநாக ஆக்சைடு துகளைக் குவாண்டம் புள்ளி என்று எழுதக் கூடாது. அந்தப் பொருளில் எலக்ட்ரானும் துளையும் சேர்ந்த இணையின் ஆரம் ஏறத்தாழ 2 நானோமீட்டர். துகள் அந்த அளவை நெருங்கும்போதுதான் அடைப்பின் விளைவு தெளிவாகத் தெரியும். காட்மியம் செலினைடில் அந்த ஆரம் 5 நானோமீட்டரைச் சற்றுத் தாண்டும். இன்னொன்று, அடைப்பு வேறு, வலுவான ஊடாட்டம் வேறு. காட்மியம் செலினைடு துகள்கள் அளவுக்கேற்ப நிறம் மாறுவதைப் பெரும்பாலும் ஒற்றை எலக்ட்ரான் கணக்கிலேயே விளக்கிவிடலாம். மின்னூட்டங்களுக்கு இடையிலான கூலும் விசை அங்கே ஒரு திருத்தமாகத்தான் வருகிறது. 2023-இல் வேதியியல் நோபல் பெற்ற குவாண்டம் புள்ளிகள் அவைதான். அந்தப் பரிசைச் சுட்டிவிட்டு அடுத்த வரியில், தனித்த சிறு காந்தமொன்றோடு சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் பிணையும் காண்டோ விளைவுக்குத் தாவுகிற ஆய்வேடு வைவாவில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது அடர்த்தி. எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருந்தால் ஊடாட்டம் வலுவாகும் என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறானது. இரு பரிமாணத்தில் எலக்ட்ரான்களின் இயக்க ஆற்றல் அடர்த்திக்கு நேர்விகிதத்தில் ஏறும். கூலும் ஆற்றலோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் ஏறும். அடர்த்தியைக் குறைத்தால் இரண்டும் குறைகின்றன, ஆனால் இயக்க ஆற்றல் வேகமாகக் குறைவதால் கூலும் ஆற்றலின் கை ஓங்குகிறது. காலியம் ஆர்செனைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தாயிரம் கோடி எலக்ட்ரான்கள் இருந்தால் இந்த இரண்டின் விகிதத்தைச் சொல்லும் எண் 1.8-க்கு அருகில் இருக்கும். அதையே நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் எண் பத்து மடங்காகி 18-ஐ ஒட்டி வரும். எலக்ட்ரான்கள் தாமாகவே படிகமாக உறையும் என்று விக்னர் 1934-இல் சொன்னது இந்தத் திசையில்தான். மாசில்லாத இரு பரிமாணத் தளத்தில் அதற்கு இந்த எண் ஏறத்தாழ 37-ஐத் தொட வேண்டும் என்று கணினிக் கணக்குகள் காட்டின. 1979-இல் திரவ ஹீலியத்தின் பரப்பில் மிக அடர்த்தி குறைந்த எலக்ட்ரான்கள் அப்படிப் படிகமானதற்குச் சான்று கண்டார்கள்.

இந்தக் கணக்கை, ஓரணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராபீனுக்கு அப்படியே எடுத்துப்போவது தனித் தவறு. அங்கே ஆற்றல் உந்தத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் இரண்டு ஆற்றல்களும் அடர்த்தியோடு ஒரே வேகத்தில் மாறுகின்றன. விகிதம் அடர்த்தியைச் சார்ந்திருப்பதே இல்லை, சுற்றியிருக்கும் பொருளின் மின்காப்பு மாறிலிதான் அதை மாற்றும். ஊடாட்டத்தைக் கூட்ட வேண்டுமானால் பட்டையையே (உந்தத்தோடு எலக்ட்ரானின் ஆற்றல் மாறும் விதத்தை) தட்டையாக்க வேண்டும். இரண்டு கிராபீன் தாள்களை ஏறத்தாழ 1.1 பாகை திருப்பி அடுக்கி, மின்கடத்தாநிலையையும் மீகடத்துநிலையையும் 2018-இல் கண்டது அந்த வழியில்தான். வலுவான காந்தப்புலமும் இயக்க ஆற்றலை ஒரே மதிப்பில் உறைய வைத்துவிடும். 1982-இல் சுயி, ஸ்டோர்மர், கோஸார்டு கண்ட பின்ன குவாண்டம் ஹால் விளைவு அப்படி வந்தது. ஹாலின் முழு எண் விளைவை ஒற்றை எலக்ட்ரான் படத்தில் விளக்கிவிடலாம், பின்ன விளைவை முடியாது. இரண்டையும் ஒரே விளக்கத்தில் அடைக்காதீர்கள்.

"இரு பரிமாணத்தில் உலோகமே கிடையாது" என்ற வரியும் அடிக்கடி வருகிறது. டி. வி. ராமகிருஷ்ணன் உட்பட நால்வர் 1979-இல் எழுதிய அந்த முடிவு, ஒன்றோடொன்று ஊடாடாத எலக்ட்ரான்களுக்கானது. 1994-இல் அடர்த்தி குறைந்த சிலிக்கான் அமைப்புகளில் வெப்பநிலையைக் குறைக்கக் குறைக்க மின்தடை இறங்கியதைப் பார்த்தபின், அந்த நிபந்தனையைச் சொல்லாமல் முடிவை மட்டும் எழுதுவது சரியில்லை.

ஒரு பரிமாணத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் தீவிரமாகிறது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஊடாடினாலும், ஒவ்வொன்றையும் சற்று எடை கூடிய தனித்துகளாக நடத்தலாம் என்று லாண்டாவ் 1956-இல் காட்டினார். அதுதான் பெர்மி திரவம். எலக்ட்ரான்கள் ஒரே வரிசையில் போகும் மெல்லிய கம்பியில் இது செல்லாது. கானாடுகாத்தான் வீடொன்றில் கல்யாணம் என்று வையுங்கள். வளவில் (நடு முற்றத்தில்) எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஒருவர் ஒதுங்கி இன்னொருவருக்கு வழிவிடலாம். இரண்டாங்கட்டுக்குப் போகிற குறுகிய நடையில் முன்னால் ஒருவர் நின்றால் பின்னால் வருகிற எல்லோரும் நிற்க வேண்டியதுதான். ஒரு பரிமாணத்தில் எலக்ட்ரான் ஒன்று தனியாக நகர வழியில்லை, எந்த நகர்வும் கூட்டத்தின் நகர்வு. எனவே ஊடாட்டம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தனித்துகள் படம் உடைந்துவிடுகிறது. "வலு குறைவுதானே, சராசரிப் புலம் போதும்" என்று இங்கே எழுத முடியாது. டொமோனாகா 1950-இலும் லட்டிஞ்சர் 1963-இலும் இதற்கு மாதிரி அமைத்தார்கள். லட்டிஞ்சரின் சொந்தத் தீர்விலேயே பிழை இருந்தது. அதை மாட்டிஸும் லீபும் 1965-இல் திருத்தினார்கள்.

லட்டிஞ்சர் திரவம் எனப்படும் இந்த ஒரு பரிமாணக் கூட்டத்தில் ஸ்பின் (எலக்ட்ரானின் உள்ளார்ந்த காந்தப் பண்பு) அலையும் மின்னூட்ட அலையும் வெவ்வேறு வேகத்தில் போகும். அதை "எலக்ட்ரான் இரண்டாக உடைகிறது" என்று எழுதினால் படிப்பவர் துண்டுகளைத் தேடுவார். பிரிவது கூட்டத்தின் இரண்டு வகை அசைவுகள்.

கடத்துத்திறனில் வரும் தவறு நுட்பமானது. ஊடாட்டம் இருந்தால் கம்பியின் கடத்துத்திறன் குவாண்டம் மதிப்பிலிருந்து குறையும் என்று கோட்பாட்டாளர்களே ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். ஸ்பின்னையும் சேர்த்து ஒரு வழித்தடத்துக்கு அந்த மதிப்பு 12.9 கிலோ ஓம் மின்தடைக்குச் சமம். மாசில்லாத கம்பிகளை அளந்தபோது பெரிய குறைவு எதுவும் இல்லை. காரணம் 1995-இல் தெளிவானது: கம்பியின் இரு முனைகளிலும் இருப்பவை சாதாரண உலோகத் தொடர்புகள், நீங்கள் அளக்கும் மதிப்பை அவையே தீர்மானிக்கின்றன. ஆகவே கடத்துத்திறன் குறையவில்லை என்பதை வைத்து ஊடாட்டமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அப்படியானால் அடையாளம் எங்கே? சுரங்கமுறையில் (மெல்லிய தடுப்பை ஊடுருவி) எலக்ட்ரானை உள்ளே செலுத்தும்போது, கடத்துத்திறன் வெப்பநிலையின் ஒரு அடுக்காக மாறும். ஒற்றைச் சுவர் கார்பன் நானோகுழாய்களில் 1999-இல் இதை அளந்தார்கள். ஆனால் மடக்கைத் தாளில் ஐந்தாறு புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்ததும் லட்டிஞ்சர் திரவம் என்று அறிவிக்க வேண்டாம். குறுகிய இடைவெளியில் எந்த வளைவும் நேர்கோடாகத் தெரியும். மேலும், சந்திப்பைச் சுற்றியுள்ள மின்சுற்றின் தடையும் கூலும் தடுப்பு (உள்ளே இருக்கும் மின்னூட்டம் அடுத்த எலக்ட்ரானை விடாமல் தள்ளுவது) வழியாக இதே மாதிரி அடுக்கு விதியைத் தரும். வெப்பநிலையிலிருந்து கிடைத்த அடுக்கெண்ணும் மின்னழுத்தத்திலிருந்து கிடைத்ததும் ஒத்துப்போகின்றனவா, குழாயின் முனையில் செலுத்தினால் நடுவில் செலுத்துவதைவிட அடுக்கெண் பெரிதாகிறதா என்று பார்த்த பிறகு பேசலாம்.

குவாண்டம் புள்ளியில் கூலும் தடுப்பு தெரிய, ஒரு எலக்ட்ரானைச் சேர்க்கும் ஆற்றல் வெப்ப ஆற்றலைவிட நன்றாகப் பெரியதாக இருக்க வேண்டும். மின்தேக்குத்திறன் ஒரு பெம்டோபாரட் என்றால் அந்த ஆற்றல் 0.16 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையின் ஆற்றல் ஏறத்தாழ 26. சந்திப்புகளின் தடையும் 25.8 கிலோ ஓமைவிடப் பெரியதாக வேண்டும். குளிர்விப்பான் காட்டும் வெப்பநிலையை எலக்ட்ரான்களின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மிகக் குளிரில் அவை படிகத்தோடு வெப்பத்தைச் சரியாகப் பகிர்வதில்லை, பெரும்பாலும் சூடாகவே இருக்கும்.

பூஜ்ய மின்னழுத்தத்தில் ஒரு முகடு தெரிந்தால் அது காண்டோ என்று உடனே எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. உலோகத்தில் காண்டோ விளைவு மின்தடையைக் கூட்டும். குவாண்டம் புள்ளியில் அதே விளைவு கடத்துத்திறனைக் கூட்டும். 1998-இல் அளந்தவர்கள் முகட்டை மட்டும் காட்டவில்லை. புள்ளியில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் இருக்கும்போது அது வருவதையும், வெப்பநிலையோடு மெதுவாக மங்குவதையும், காந்தப்புலத்தில் இரண்டாகப் பிரிவதையும் காட்டினார்கள். இந்தப் பொறுமை தேவை. மயோரானா நிலையின் (தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் நிலையின்) குவாண்டமாக்கப்பட்ட முகடு என்று 2018-இல் வெளியாகிப் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு கட்டுரை 2021-இல் திரும்பப் பெறப்பட்டது.

புள்ளியின் அடைப்பு பரவளையமாக இருந்தால் அகச்சிவப்பு ஒளியை வைத்து ஊடாட்டத்தை அளக்க முயல வேண்டாம். அலைநீளம் புள்ளியைவிட மிகப் பெரியது என்பதால் ஒளி கூட்டத்தின் நிறை மையத்தை மட்டும் ஆட்டுகிறது. உள்ளே ஒரு எலக்ட்ரான் இருந்தாலும் இருபது இருந்தாலும் உறிஞ்சும் அதிர்வெண் ஒன்றேதான். இது கோன் 1961-இல் நிறுவிய தேற்றத்தின் விரிவு.

இனி கணினி. குளிர்விப்பான் இல்லாத கல்லூரியிலும் ஒரு லேப்டாப்பில் ஹப்பர்டு மாதிரியை (எலக்ட்ரான்கள் தளத்துக்குத் தளம் தாவுவதையும், ஒரே தளத்தில் இரண்டு இருந்தால் விலக்கிக்கொள்வதையும் மட்டும் கணக்கில் எடுக்கும் மாதிரியை) செய்யலாம் என்பதால் இங்கே கவனம் கூடுதலாக வேண்டும். 10 தளங்களுக்கு மொத்த நிலைகள் 10,48,576. ஐந்து மேல் ஸ்பின், ஐந்து கீழ் ஸ்பின் என்று நிறுத்தினால் 63,504 போதும். நிரலை ஓட்டுமுன் இரண்டு தளங்களில் சரிபாருங்கள். விலக்கு ஆற்றலைத் தாவல் ஆற்றலின் 4 மடங்காக வைத்தால், தாவல் ஆற்றலை அலகாகக் கொண்டு, அடிநிலை மைனஸ் 0.828 வர வேண்டும். மைனஸ் 2.472 வந்தால், வளையமாக மூடியபோது ஒரே பிணைப்பை இருமுறை எண்ணிவிட்டீர்கள். அடுத்து நான்கு தள வளையம், இரண்டு மேல், இரண்டு கீழ், விலக்கு பூஜ்யம். விடை மைனஸ் 4. மைனஸ் 5.657 வந்தால், எலக்ட்ரான் வளையத்தின் எல்லையைத் தாண்டும்போது வர வேண்டிய குறிமாற்றத்தை விட்டுவிட்டீர்கள். இந்தப் பிழையை ஆறு தளங்களில் மூன்று, மூன்று என்று வைத்துச் சோதித்தால் பிடிக்கவே முடியாது. ஒரே ஸ்பின்னில் ஒற்றைப்படை எண்ணிக்கை இருந்தால் அந்தக் குறி தானாகவே கூட்டலாகிவிடும்.

விடை சரியாக வந்தபின் கடைசிப் பொறி, ஆற்றல் இடைவெளி. சிறிய வளையத்தில் ஊடாட்டமே இல்லாவிட்டாலும் இடைவெளி இருக்கலாம். அதை மாட் இடைவெளி (விலக்கினாலேயே உருவாகும் இடைவெளி) என்று எழுதக் கூடாது. பாதி நிரம்பிய முடிவிலாச் சங்கிலியில் விலக்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது மின்கடத்தாப் பொருள்தான் என்று லீபும் வூவும் 1968-இல் துல்லியமாக நிறுவினார்கள். ஆனால் சிறிய விலக்குக்கு அந்த இடைவெளி மிக மிகச் சிறியது. 10 தளங்களின் அளவு விளைவு அதை முழுக்க மறைத்துவிடும். 6, 8, 10, 12 தளங்களுக்குக் கணக்கிட்டு, தள எண்ணிக்கையின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக வரைந்து, கோடு பூஜ்யத்தில் எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். 6-ஐயும் 10-ஐயும் ஒரு கோட்டிலும், 8-ஐயும் 12-ஐயும் தனிக் கோட்டிலும் சேர்க்க வேண்டும். நான்கின் மடங்காக எலக்ட்ரான்கள் இருக்கும் வளையங்களில் கடைசிக் கூடு பாதிதான் நிரம்பியிருக்கும், அவற்றின் போக்கு வேறு. நான்கு புள்ளிகளையும் ஒரே கோட்டில் கோர்த்தால் கிடைக்கும் வெட்டுப்புள்ளிக்குப் பொருள் இல்லை.