பழனி மலைத்தொடருக்கு, அதாவது கொடைக்கானல் பக்கம், எந்த டென்ட் சரி வரும்?

கடைக்குப் போனால் "எத்தனை பேருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன்னால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டென்ட்டை எதில் தூக்கிக்கொண்டு போகப் போகிறீர்கள், காரிலா, பைக்கிலா, முதுகிலா? இது தெரிந்துவிட்டால் கடையில் இருப்பதில் பாதியைப் பார்க்கவே வேண்டாம். மீதியை மலையின் ஈரம் கழித்துவிடும்.

ஆமாம், ஈரம்தான். குளிர் இல்லை. கொடைக்கானல் ஏறக்குறைய 2100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும், அதனால் வத்தலகுண்டில் ஃபேன் போட்டுப் படுத்தவர் மேலே போனதும் நடுங்கத்தான் செய்வார். அதற்குப் பயந்து பலரும் பனிப்பிரதேசத்துக்கான கனத்த டென்ட்டைத் தேடுகிறார்கள். வேண்டாம். அது பனிக்கட்டியின் எடையைத் தாங்கச் செய்தது, கனம் அதிகம், காற்றோட்டமும் பொதுவாகக் குறைவு. நம் மலைக்கு மூன்று சீசன் டென்ட், அதாவது கடும் பனிக்காலம் தவிர மற்ற காலங்களுக்கானது, போதும். குளிரைத் தடுப்பது அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் மேட்டும் (மெத்தை மாதிரியான விரிப்பு) ஸ்லீப்பிங் பேக்கும்தான், டென்ட்டின் வேலை காற்றையும் தண்ணீரையும் வெளியே நிறுத்துவது. கையில் இருக்கும் பணத்தில் டென்ட்டுக்குக் கொஞ்சம் குறைத்து ஸ்லீப்பிங் மேட்டுக்குக் கூட்டிப் போடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு நான் சொன்னது புரியும்.

ஈரம் எப்படி வரும் என்பதை மன்னவனூர் பக்கம் ஒரு ஜனவரி ராத்திரியில்தான் நான் தெரிந்துகொண்டேன். ஆன்லைனில் மலிவாக வாங்கிய ஒற்றைத் துணி டென்ட், உள்ளே இரண்டு பேர். மூன்று மணி இருக்கும், நெற்றியில் சொட்டென்று ஒரு துளி விழுந்து முழித்தேன். மழை என்று நினைத்து ஜிப்பைத் திறந்தால் வானத்தில் மேகமே இல்லை, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உட்பக்கத் துணி முழுக்க முத்து முத்தாக நீர். எங்கள் மூச்சுதான் சில்லென்ற துணியில் பட்டுத் தண்ணீராகி, காற்று அசைக்கும்போதெல்லாம் எங்கள் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்காரப் பெரியவர் சாயங்காலமே சொன்னார், "தம்பி, பள்ளத்துல போடாதப்பா, பனி அங்கதான் வந்து உக்காரும்." கேட்கவில்லை. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், உறைபனியும் முதலில் அங்கேதான் பிடிக்கும். காலையில் பத்தடி மேலே புல் வெறும் ஈரமாக இருந்தது, எங்களைச் சுற்றி வெள்ளையாக இருந்தது.

அதனால் இரட்டை அடுக்கு டென்ட்தான் வாங்க வேண்டும். உள்ளே வலைத்துணி, மேலே தனியாக மழைவிரிப்பு, இரண்டும் ஒட்டாத அளவுக்கு நடுவில் இடைவெளி. மூச்சின் ஈரம் வலையைத் தாண்டிப் போய் மழைவிரிப்பில் படியும், அது உங்கள் மேல் விழாமல் விரிப்பின் ஓரமாக வழிந்துவிடும். மழைவிரிப்பு தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடினால் எடுக்காதீர்கள், இங்கே சாரல் பக்கவாட்டில் அடிக்கும், மேகம் தரையோடு ஊர்ந்து வரும். விரிப்பு தரைக்கு ஒரு கைப்பிடி உயரம் வரை இறங்க வேண்டும், மேலே காற்றுப் போக ஜன்னலும் இருக்க வேண்டும். குளிருகிறது என்று அந்த ஜன்னலை அடைத்தால் மறுபடியும் சொட்டும்.

காரில் போகிறவர்கள், அதுவும் குழந்தைகளோடு போகிறவர்கள், எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான்கு பேர் போனால் ஆறு பேர் டென்ட் வாங்குங்கள். கம்பெனிக்காரர்கள் போடும் தலைக்கணக்கு தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கணக்கு, பைகளுக்கும் செருப்புக்கும் அதில் இடமில்லை. ஆனால் நின்றுகொண்டு உடை மாற்றும் அளவு உயரமான டென்ட் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. அதை மரமும் மேடும் மறைக்கிற இடத்தில் மட்டும் போட வேண்டும், பூம்பாறைக்கு மேல் திறந்த சரிவில் போட்டால் ராத்திரி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பைக்கில் போகிறவர்கள் எடைக்கு முன்னால் மடித்த நீளத்தைப் பாருங்கள். கம்புகள் 45 சென்டிமீட்டருக்குள் மடிந்தால் சீட்டில் குறுக்கே கட்டினாலும் வெளியே நீட்டாது, வளைவுகளில் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது இது முக்கியம். தூக்கிப் போட்டதும் தானாக விரியும் டென்ட் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் மடித்தால் பெரிய தாம்பாளம் அளவு வட்டமாக நிற்கும். பைக்கிலும் முதுகிலும் அதை வைக்க இடமே கிடையாது.

முதுகில் சுமந்து நடக்கிறவர்களுக்கு இரண்டு பேர் டென்ட் இரண்டரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். அலுமினியக் கம்பாக எடுங்கள், ஃபைபர் கம்பு கனம், வளைத்துச் செருகும்போது நீளவாக்கில் பிளந்து துணியையும் கிழிக்கும். வடிவம் என்று கேட்டால் தானாக நிற்கும் டோம்தான், கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருப்பது. சுரங்கம் மாதிரி நீளும் டென்ட் தரையில் அடிக்கும் முளை பிடித்தால்தான் நிற்கும், பூண்டு பிடுங்கிய பொலபொலப்பான மண்ணில் முளை பிடிக்காது. டோமுக்கும் முளை வேண்டும், ஆனால் மண் விட்டுக்கொடுத்தாலும் அது தலையில் சரிந்து விழாது.

வாங்கும்போது லேபிளில் மில்லிமீட்டர் கணக்கு ஒன்று இருக்கும். அந்தத் துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசிய ஆரம்பிக்கும் என்பதற்கான அளவு அது. 1500 என்றால் ஒன்றரை மீட்டர். சாதாரணச் சாரலுக்கு அது தாங்கும், ஆனால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின்போது போகிறவர்கள் மழைவிரிப்புக்கு 3000 பாருங்கள். தரைத்துணிக்கு எப்போதுமே 3000க்கு மேல்தான், முழங்காலை ஊன்றினாலே ஈரத்தை உள்ளே அழுத்திவிடுவோம். எண் எவ்வளவு இருந்தாலும் தையல் வழியாகத்தான் முதலில் ஒழுகும். விரிப்பைத் திருப்பிப் போட்டு எல்லாத் தையலிலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடியில் தார்ப்பாய் போடுவதாக இருந்தால் டென்ட்டின் ஓரத்துக்கு வெளியே நீட்டக் கூடாது, நீட்டினால் மழைத் தண்ணீரை வாங்கி உங்கள் முதுகுக்குக் கீழேயே கொண்டுவந்து சேர்க்கும்.

மாடு கட்ட முளை அடித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முளையின் தலை டென்ட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மண் இறுகாவிட்டால் சாக்கில் கல்லை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டுங்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு டென்ட் அடிக்க முடியாது. பழனி மலைக் காடுகளில் பெரிய பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாகிவிட்டது. தனியார் நிலமாக இருந்தாலும் டென்ட்டுக்கு முறையான அனுமதி இருக்கிறதா என்று உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். காட்டுமாடு நடக்கும் தடத்தில் டென்ட் போடாதீர்கள், கயிற்றில் கால் சிக்கினால் அதற்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து. சாப்பாட்டை உள்ளே வைக்காதீர்கள், காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வரும். அப்புறம், எவ்வளவு குளிரினாலும் அடுப்பையோ கரித்தணலையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. அந்தப் புகையில் வாசமே இல்லாத நச்சுவாயு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

வாங்கியதும் முதலில் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தடவை விரித்து, குழாயில் பத்து நிமிஷம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஒழுகினால் திருப்பிக் கொடுக்க அப்போதுதான் முடியும். மலையிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கே மறுபடியும் அங்கே விரித்துக் காயப் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி பரணில் போட்டால் உட்பக்கப் பூச்சு பிசுபிசுவென்று உரிந்து, புளித்த நாற்றம் அடிக்கும், அதற்கு மேல் எந்த மழையையும் அது தாங்காது. வெயில் இல்லாவிட்டால் ஃபேனுக்குக் கீழே, கொடியில் மடித்துப் போட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பி விடுங்கள்.