ஆர்பிடி வேலைக்குப் போகிறீர்களா? கோர்ஸைவிட ஆஃபர் லெட்டரைக் கவனமாகப் படியுங்கள்

டாலஸ் பக்கம் புதிதாக வந்து இறங்கும் நம் பெண்களுக்கு யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் யோசனை இது: "ஆர்பிடி பண்ணுங்களேன், நாற்பது மணி நேரக் கோர்ஸ்தான், உடனே வேலை." இதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். சொல்லாமல் விட்ட பாதியில் என் தோழி ஒருத்தி நன்றாக அடிபட்டாள். நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன், எனக்குப் பிடித்த வேலையும்கூட. அதனால்தான் இன்னும் எரிச்சலாக வருகிறது.

ரெஜிஸ்டர்ட் பிஹேவியர் டெக்னீஷியன் என்பதன் சுருக்கம்தான் ஆர்பிடி. ஆட்டிசம் உள்ள குழந்தையோடு உட்கார்ந்து, பிசிபிஏ எனப்படும் மேற்பார்வையாளர் போட்டுக்கொடுத்த திட்டப்படி பழக்க வேண்டும். பேச்சு வராத குழந்தை, தண்ணீர் வேண்டுமென்றால் நம் தலைமுடியைப் பிடித்து இழுக்காமல் ஒரு படத்தை எடுத்து நீட்டப் பழக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும், சில மாதங்களும் ஆகலாம். ஒவ்வொரு முயற்சியையும் டேப்லெட்டில் குறித்துக்கொண்டே போக வேண்டும். முதல்முறை யாரும் கேட்காமல் அந்தப் படத்தை எடுத்து நம் கையில் வைக்கும் பாருங்கள், அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம். "எம்.எஸ்ஸி. முடிச்சுட்டு அங்க போய் ஆயா வேலையா பாக்குற?" என்று ஊரில் ஒரு சித்தி கேட்டார். வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள் சித்தி என்று மட்டும் சொன்னேன்.

விளம்பரத்தில் 'பிஹேவியரல் ஹெல்த் டெக்னீஷியன்' என்று இருந்தால் நிதானமாகப் படியுங்கள். மனநல மருத்துவமனை, போதை மறுவாழ்வு மையம் போன்ற இடங்களில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கும் அதே பெயர்தான். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் வேறு உலகம், நைட் ஷிஃப்ட் எல்லாம் உண்டு.

சரி, சட்டப்படியான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். முதலில் வேலை அனுமதி. ஹெச்-1பி விசாக்காரரின் துணையாக ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள், ஈஏடி எனப்படும் வேலை அனுமதி கார்டு கையில் வராமல் வேலைக்குப் போகக் கூடாது. "சும்மா வாலண்டியரா வந்து பழகுங்க" என்று ஒரு கிளினிக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். சம்பளம் வாங்கவில்லை என்பதால் மட்டும் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. ஈஏடி இருப்பவர்கள் ரின்யூவலை முன்கூட்டியே போடுங்கள். 2025 அக்டோபர் 30-லிருந்து போடும் ரின்யூவல்களுக்கு முன்புபோலத் தானாக நீட்டிப்பு கிடைப்பதில்லை. எல்-1 விசாக்காரரின் கணவனாகவோ மனைவியாகவோ எல்-2 விசாவில் வந்தவருக்கு, ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் எல்-2எஸ் என்று இருந்தால், அதுவே வேலை அனுமதி.

சான்றிதழ் தருவது பி.ஏ.சி.பி. என்ற அமைப்பு. 18 வயது, பள்ளிப் படிப்பு, பின்னணிச் சோதனை, 40 மணி நேரப் பயிற்சி, அப்புறம் ஒரு பிசிபிஏ நேரில் செய்துபார்க்கச் சொல்லி மதிப்பிடும் தேர்வு. எல்லாம் முடித்து விண்ணப்பித்தால் பியர்சன் வியூ என்ற தேர்வு மையத்தில் கணினித் தேர்வு, 85 கேள்விகள், 90 நிமிடம். அந்த 40 மணி நேரத்தை ஐந்து நாளுக்குக் குறையாமல், 180 நாளுக்கு மிகாமல் முடிக்க வேண்டும். 2026-லிருந்து பாடத்திட்டம் மாறிவிட்டது, பழைய குறிப்புகளைத் தோழிகளிடம் வாங்கிப் படிக்காதீர்கள். இனிஷியல் வைத்த பெயர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விண்ணப்பத்தில் உள்ள பெயரும் தேர்வு மையத்தில் காட்டும் ஐடியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

கோர்ஸுக்கு முன்கூட்டியே பெரிய பணம் கட்டாதீர்கள். நம் ஊர்ப் பழக்கம், முதலில் சர்டிஃபிகேட் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு அப்புறம் வேலை தேடுவோம். இங்கே பல கம்பெனிகள் ஆளை எடுத்தபின் அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். மதிப்பிடுவதற்கும் பிசிபிஏ வேண்டும், வேலையில் சேர்ந்தால்தான் பெரும்பாலும் அவர் கிடைப்பார். வேலையில் சேர்ந்தபின் கம்பெனி கட்டாயமாகச் செய்யச் சொல்லும் பயிற்சி என்றால் அந்த மணி நேரத்துக்கும் கூலி உண்டு.

இனி அந்த அடிபட்ட கதைக்கு வருகிறேன்.

என் தோழியின் ஆஃபர் லெட்டரில் மணிக்கு 20 டாலர், வாரத்துக்கு "30 மணி நேரம் வரை" என்று இருந்தது. இருபதை முப்பதால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, 2400 டாலர் என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள். நம் எல்லோருக்கும் தலைக்குள் மாதச் சம்பளம்தான் ஓடும். வேலை என்று ஒன்று கிடைத்தால் மாதக் கடைசியில் ஒரே தொகை வந்து விழும் என்று பழகிவிட்டோம். அந்த "வரை" என்ற சொல்லை அவள் கவனிக்கவில்லை, கம்பெனியும் எடுத்துச் சொல்லவில்லை.

இந்த வேலையில் பணம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் புரியும். நாம் குழந்தையோடு இருக்கும் நேரத்தை 97153 என்ற பில்லிங் கோடில், 15 நிமிடக் கணக்கில், கம்பெனி இன்சூரன்ஸுக்கு அனுப்புகிறது. குழந்தை எதிரே இருக்கும்வரைதான் ஆட்டோ மீட்டர் ஓடும். குழந்தைக்குக் காது வலி, பாட்டி வந்திருக்கிறார், ஸ்பிரிங் பிரேக் என்று அம்மா கேன்சல் செய்தால் கம்பெனிக்கு ஒரு பைசா வராது. அந்த நஷ்டத்தைப் பல கம்பெனிகள் அப்படியே நம் தலையில் தள்ளிவிடுகின்றன. இன்சூரன்ஸ் அனுமதியைப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அது தாமதமானால் அந்த வாரங்களும் காலி. கோடை விடுமுறையைச் சொல்லவே வேண்டாம். அவளிடம் இருந்த மூன்று குழந்தைகளில் இரண்டு பேர் இந்தியக் குடும்பம். ஸ்கூல் மூடியதும் இரண்டு குடும்பமும் ஊருக்குப் பறந்துவிட்டன. இவளுக்கு ஊருக்குப் போக டிக்கெட் காசும் இல்லை, வேலையும் இல்லை.

அடுத்தது நேரம். ஸ்கூல் போகும் வயதுக் குழந்தைகளுக்குச் சிகிச்சை மாலை மூன்றரையிலிருந்து எட்டு வரைதான். நம் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்குவதும் அதே நேரம்தான்! ஊரார் பிள்ளைக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுக்க, தன் பையனை ஆஃப்டர் ஸ்கூலில் காசு கட்டி விட்டாள். ஒருநாள் ஃப்ரிஸ்கோவில் மூன்றரைக்கு ஒரு வீடு, லிட்டில் எல்மில் ஆறு மணிக்கு இன்னொரு வீடு. டோல்வேயில் போய்க்கொண்டிருக்கும்போதே முதல் வீட்டிலிருந்து கேன்சல் என்று மெசேஜ். வீட்டுக்குத் திரும்பிப் போய் வரவும் நேரம் போதாது. ஹெச்.இ.பி. சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்கில் ஏசியைப் போட்டுக்கொண்டு எலுமிச்சம் சாதம் சாப்பிட்டபடி எனக்கு போன் செய்தாள். பேசியதைவிட அழுததுதான் அதிகம்.

அவளுடைய பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டை, வாங்கிப் பார்த்தேன். குழந்தையோடு இருந்த நேரத்துக்கு 20 டாலர். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஓட்டிய நேரத்துக்கு ஒன்றும் இல்லை. இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதிய செஷன் நோட்டுக்கும் (அன்றைய சிகிச்சைக் குறிப்பு) ஒன்றும் இல்லை. இது கூடவே கூடாது. வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போவதும், கடைசி வீட்டிலிருந்து திரும்புவதும் பொதுவாக நம் கணக்கு. ஆனால் நடுவில் ஒரு வேலையிடத்திலிருந்து அடுத்ததற்கு ஓட்டுவது அமெரிக்கச் சட்டப்படி வேலை நேரம். எழுதச் சொன்ன நோட்டும் அப்படியே. ஆனால் அதற்கு 20 டாலரே தர வேண்டும் என்று இல்லை. டெக்சாஸில் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர்தான், ஓட்டும் நேரத்துக்கு அந்த ரேட் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடும் கம்பெனிகளும் உண்டு. பெட்ரோல் காசு இன்னொரு விஷயம். 2025-க்கு வரித்துறையான ஐஆர்எஸ் வைத்த கணக்கு மைலுக்கு 70 சென்ட், ஆனால் டெக்சாஸில் கம்பெனி அதைத் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கலிஃபோர்னியாவில் வேலைக்கான செலவைத் திருப்பித் தர வேண்டும். வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சம்பளக்காரர்களுக்கு ஃபெடரல் வரியில் அந்த வழி 2018-லிருந்து அடைத்தாகிவிட்டது.

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நிச்சயம்? கேன்சல் ஆனால் என்ன தருவீர்கள்? ஓட்டும் நேரத்துக்கு என்ன ரேட்? மைலேஜ் உண்டா? நோட் எழுத நேரம் தருவீர்களா? பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பீர்களா? பதிலை இமெயிலில் வாங்குங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சிரித்தால் அடுத்த இடத்துக்குப் போங்கள், ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில் இது. முதல் வேலைக்கு என்னைக் கேட்டால் வீடு வீடாகப் போவதைவிட சென்டரில் சேருவது மேல். ஸ்கூல் போகாத சின்னக் குழந்தைகள் காலையில் வருவார்கள், ஒரு குழந்தை வராவிட்டால் வேறு வேலை கொடுக்க வாய்ப்பு உண்டு. மாதத்தில் வேலை செய்த நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை இருக்க வேண்டும் என்பது பி.ஏ.சி.பி. விதி, சென்டரில் பிசிபிஏ பக்கத்து அறையிலேயே இருப்பார்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் போன நேரம், கிளம்பிய நேரம், ஓடோமீட்டர் படம் மூன்றையும் உங்கள் சொந்த போனில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயரை மட்டும் அதில் எழுதாதீர்கள். தொழிலாளர் துறையின் வேஜ் அண்ட் அவர் டிவிஷன் எண் 1-866-487-9243. இரண்டு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம், வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் மூன்று வருடம். என் தோழி முதலில் கம்பெனிக்குத் தன் கணக்கை இமெயிலில் அனுப்பினாள். ஓட்டிய நேரத்துக்குக் காசு வந்தது, மன்னிப்பு வரவில்லை. இப்போது வேறு சென்டரில் காலை ஷிஃப்ட்.

இன்னொன்று, நம்மவர்கள் வீட்டுக்கே வேலைக்குப் போக நேர்ந்தால் கொஞ்சம் சங்கடம் இருக்கும். "சாப்பிடாம போகக் கூடாது, உட்காருங்க" என்று தட்டை வைத்துவிடுவார்கள். தீபாவளிக்குப் புடவை வரும், கொலுவுக்கு அழைப்பு வரும். ஆர்பிடி நெறிமுறைப்படி பத்து டாலருக்கு மேற்பட்ட பரிசு வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, குடும்ப நட்பாகப் பழகவும் கூடாது. கோயிலில் பார்த்தால் அவர்களாக வந்து பேசினால் பேசுங்கள், குழந்தை எப்படி இருக்கிறான் என்று நான்கு பேர் முன்னால் கேட்டுவிடாதீர்கள். முறுக்கையும் காபியையும் எப்படி மறுப்பது என்று கேட்டால், "கம்பெனி ரூல் அக்கா" என்று பழியைக் கம்பெனி மேல் போட்டுவிடுவேன். அந்த அளவுக்காவது அவர்கள் நமக்கு உதவட்டும்.