டர்போ எஞ்சினுக்கு எத்தனை சிசி இன்ஜெக்டர்? கணக்கும், கணக்கைக் கவிழ்த்த ஒரு ஹோஸும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஷெட்டில் நிற்கும் ஆக்டேவியா ஆர்எஸ், கம்பெனியிலிருந்து வரும்போது 150 குதிரைத்திறன். 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ. இப்போது ராடு, பிஸ்டன், டர்போ எல்லாம் மாற்றி 400-க்குத் தயார் செய்திருக்கிறோம். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுக்காது. அதனால் ரெக்கவரி வண்டியில் ஏற்றி, வேலந்தாவளம் தாண்டி, செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்டுகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

டர்போ எப்படி வேலை செய்கிறது, ஈசியுவில் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) மேப் எப்படி ஏற்றுவது என்பதற்குள் போகவில்லை. பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரின் அளவு மட்டும், அதாவது அது நிமிடத்துக்கு எத்தனை சிசி பெட்ரோல் விட வேண்டும் என்பது.

படி 1: கிராங்க் பவரை எடுங்கள்

கிராங்க் பவர் என்பது எஞ்சினிலிருந்தே வெளிவரும் பவர். பவரை அளக்கும் டைனோ மெஷின் காட்டுவது சக்கரத்துக்கு வந்து சேரும் பவர். கியர்பாக்ஸில் போவதைச் சுமார் 15 சதவீதம் என்று வைத்து, 0.85-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் 340 என்றால் கிராங்க்கில் 400. பெட்ரோல் எரிவது கிராங்க் பவருக்குத்தான்.

படி 2: கணக்கு

ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை பவுண்ட் பெட்ரோல் செலவாகிறது என்பதுதான் பிஎஸ்எஃப்சி. டர்போ இல்லாத எஞ்சினுக்கு 0.5 அளவில் இருக்கும். டர்போவுக்கு 0.6-லிருந்து 0.65 வரை எடுக்க வேண்டும், ஏனென்றால் பூஸ்ட்டில் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது) பிஸ்டனைக் காப்பாற்ற ரிச்சாகவே, அதாவது பெட்ரோலைக் கூடுதலாக விட்டே ஓட்டுகிறோம்.

400 × 0.6 = 240 பவுண்ட். நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 60. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைக்கக் கூடாது. 80 சதவீதம் போதும். 60-ஐ 0.8-ஆல் வகுத்தால் 75 பவுண்ட். மணிக்கு பவுண்டை நிமிடத்துக்கு சிசியாக மாற்ற, அதை 10.5-ஆல் பெருக்கினால் சுமார் 788 சிசி.

ஏன் 80? 7,000 ஆர்பிஎம்மில் ஒரு முழு சைக்கிள், அதாவது கிராங்க்கின் இரண்டு சுற்று, 17.1 மில்லி செகண்டில் முடிந்துவிடும். அதில் 80 சதவீதம் 13.7. அதற்கு மேல் போனால் ஊசி சரியாக மூடுவதற்குள் அடுத்த திறப்பு வந்துவிடும். ஈசியு சொல்வது ஒன்று, இறங்குகிற பெட்ரோல் இன்னொன்று என்றாகிவிடும்.

படி 3: எத்தனால்

இப்போது பங்கில் போடுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குக் காற்றின் விகிதம் 9, பெட்ரோலுக்கு 14.7. அதனால் இ20-க்கு 8 சதவீதம் வரை சேர்த்துக்கொள்ளுங்கள். 788 என்பது 850 ஆகிறது. அந்த 850-தான் நான் வாங்கினேன்.

படி 4: பிரஷர். இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

முதல் நாள் கரியில், மூன்றாவது கியர், 5,500 ஆர்பிஎம், பூஸ்ட் 1.5 பார். அதுவரை 0.78-இல் நின்ற லாம்டா (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எண்; ஏறினால் பெட்ரோல் குறைகிறது என்று பொருள்) சட்டென்று 0.93-க்கு ஏறியது. காலை எடுத்துவிட்டேன். இன்னும் நாலு செகண்ட் மிதித்திருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும்.

இன்ஜெக்டர்தான் காரணம் என்று முடிவு கட்டி, நாலையும் கழற்றி, பாய்ச்சலை அளக்கும் பெஞ்சில் போட்டுப் பார்த்தேன். நாலும் ஒரே அளவு. பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "இன்ஜெக்டரை விடு தம்பி. ரெயில்ல ஒரு கேஜைப் போடு," என்றார்.

இன்ஜெக்டரில் எழுதியிருக்கும் சிசி, 3 பார் பிரஷருக்கு. அந்த 3 பார், ரெயிலுக்கும் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) உள்ள வித்தியாசம். மேனிஃபோல்டில் 1.5 பார் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளும்போது ரெயில் 4.5-க்கு ஏற வேண்டும். அதை ஏற்றுவது ரெகுலேட்டர். அதற்குப் பூஸ்ட்டைச் சொல்வது ஒரு சின்ன ஹோஸ்.

கேஜ் காட்டியது 3.6. அப்படியென்றால் வித்தியாசம் 2.1 பார் மட்டுமே. பிரஷர் குறைந்தால் பாய்ச்சல் அதன் வர்க்கமூலத்தில் குறையும்: 2.1-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.84. என் 850 சிசி, தேவையான நேரத்தில் 711 சிசிதான் கொடுத்திருக்கிறது.

ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன். முனையிலிருந்து ஒரு விரல் தள்ளி, நகம் நுழையும் அளவுக்கு ஒரு கீறல். ஐடிலில் வேக்குவம் இழுக்கும்போது அது மூடிக்கொள்கிறது, பூஸ்ட் வந்தால் வாயைத் திறக்கிறது. ஷெட்டில் நிறுத்தி எத்தனை முறை ஸ்டார்ட் செய்து பார்த்தாலும் தெரியாது.

இதை ஓட்டாமலே பார்க்கலாம். எஞ்சின் ஆஃப். பெட்ரோல் பம்ப் ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் 30-க்கும் 87-க்கும் ஃப்யூஸ் வைத்த வயரைப் போட்டால் பம்ப் ஓடும். மேனிஃபோல்டு பக்கத்தில் ஹோஸைக் கழற்றி, கேஜ் உள்ள சைக்கிள் பம்பால் 1 பார் அடியுங்கள். ரெயிலும் சரியாக 1 பார் ஏற வேண்டும், ஏறி நிற்க வேண்டும். முதலில் பெட்ரோல் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பழைய ரப்பர் ஹோஸை மறுபடி மாட்டாதீர்கள். புதுசு போட்டு, இரண்டு முனையிலும் கிளாம்ப் போடுங்கள்.

படி 5: பம்ப்

240 பவுண்ட் என்பது மணிக்கு 147 லிட்டர் அளவில் வரும், இ20-க்கு 160 என்று வையுங்கள். பெட்டியில் அச்சடித்த லிட்டரைப் பார்த்து வாங்க வேண்டாம். 4.5 பாரில் எவ்வளவு தள்ளும் என்ற சார்ட்டைப் பாருங்கள்.

படி 6: ஓம்

இன்ஜெக்டரின் இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 ஓம் அளவில் இருந்தால் சாதாரண ஈசியுவே ஓட்டும். 2, 3 ஓம் என்றால் அதற்கான டிரைவர் சர்க்யூட் வேண்டும். வாங்குவதாக இருந்தால் போஷ் இவி14 வகையில், பாய்ச்சல் அளவும் டெட் டைம் (இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம்) அட்டவணையும் சேர்ந்து வரும் செட்டாக வாங்குங்கள். துளையைப் பெரிதாக்கி விற்பதைத் தொடவே வேண்டாம். தூவுவதற்குப் பதில் தாரையாக ஊற்றும்.

பிறகு சேர்த்தது

"பெரிசா 1,300 சிசி போட்டேன், ஹெட்லைட் போட்டதும் ஐடில் தடுமாறுது" என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்ஜெக்டர் திறக்கவே ஒரு மில்லி செகண்ட் அளவு பிடிக்கும், வோல்ட் குறைந்தால் இன்னும் கூடும். ஐடிலில் மொத்தத் திறப்பே 2 மில்லி செகண்டுக்குள் இருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது. டெட் டைம் அட்டவணையில் 12, 13, 14 வோல்ட் மூன்றையும் அந்த இன்ஜெக்டரின் தாளில் உள்ளபடியே நிரப்புங்கள்.

இன்னொருவர் போலோ ஜிடி டிஎஸ்ஐக்குக் கேட்டார். அது சிலிண்டருக்குள் நேராக அடிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பிரஷரும் வேறு, அடிக்கக் கிடைக்கும் நேரமும் வேறு. இந்தக் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.