சிறுநீரில் நீர் மாத்திரையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர் பிரிய வைக்கும் மருந்தைத் தேடிப் பெரும்பாலும் இரண்டு வகை ஆட்களின் மாதிரிகளே வரும். ஒருவர், காரணம் தெரியாமல் பொட்டாசியம் குறைந்துகொண்டே போகும் நோயாளி; இந்த மருந்துகளில் பல பொட்டாசியத்தையும் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். மற்றவர், விளையாட்டு வீரர். எடைப் பிரிவுக்குள் நுழையவும், வேறு ஊக்கமருந்தின் தடயத்தை நீர்க்கச் செய்யவும் உதவும் இந்த மருந்துகள் விளையாட்டில் 1988 முதல் தடைசெய்யப்பட்டவை.

நெல்லைச் சீமையில் முதல் தவறு குப்பியிலேயே நடந்துவிடுகிறது. வள்ளியூரில் காலையில் பிடித்த சிறுநீர் சித்திரை வெயிலில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்தால், உள்ளே இருந்த மருந்து அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. ஃபுரோசமைடு என்ற நீர் மருந்து வெளிச்சத்தில் சிதையும். ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற இன்னொன்றுக்கு வெப்பமும் காரத்தன்மையும் ஆகாது. கிருமி பெருகினால் யூரியா அம்மோனியாவாகி, சிறுநீர் தானாகவே காரமாகிவிடும். குப்பியைச் சுற்றி அலுமினியத் தாள், ஐஸ் பெட்டி, வந்தவுடன் உறைநிலைப் பெட்டி: இவற்றில் எதையும் விடக் கூடாது. ‘இல்லை’ என்று எழுதும் முன் சிதைபொருளையும் தேடியாக வேண்டும்.

தாய்மருந்தை, அதாவது விழுங்கிய மருந்தை அதே வடிவில் மட்டும் தேடுவதும் இதே வகைத் தவறுதான். ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மருந்து உடலுக்குள் போனதும் உருமாறிவிடும். சிறுநீரில் தேட வேண்டியது அப்படி உருவாகும் கேன்ரினோனை. நேரமும் முக்கியம். ஃபுரோசமைடின் அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகும் நேரம், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து எடுத்த மாதிரியை வைத்து நோயாளி மருந்தே சாப்பிடவில்லை என்று சொல்ல முடியாது.

ஒரே முறையில் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்ற எண்ணம்தான் ஆய்வகத்துக்குள் நடக்கும் பெரிய பிழை. ஃபுரோசமைடு அமிலம், அமிலோரைடு என்ற நீர் மருந்து காரம். ஒன்றுக்கு ஏற்ற பி.எச். (அமில, காரத்தன்மை) அளவில் பிரித்தெடுத்தால் மற்றது கைநழுவும். மூலக்கூறுகளை மின்னேற்றி எடைவாரியாகப் பிரித்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியிலும் அப்படியே: ஃபுரோசமைடும் ஹைட்ரோகுளோரோதயசைடும் எதிர்மின் அயனியாகவும், அமிலோரைடு, ட்ரையாம்டெரீன், கேன்ரினோன் ஆகியவை நேர்மின் அயனியாகவும் தெளிவாகத் தெரியும். நேர்மின், எதிர்மின் என இரு முனையிலும் ஓட்டுங்கள்.

கருவிக்குள் மருந்தின் அயனி உடைந்து வரும் ஒரே துண்டத்தைக் கண்டு முடிவு கட்டவும் கூடாது. ஃபுரோசமைடின் 329 நிறை எண் கொண்ட அயனி உடைந்து 285, 205 என வரும். ஹைட்ரோகுளோரோதயசைடின் 296 உடைந்து 269, 205 என வரும். 205 இரண்டிலும் இருக்கிறது. குறைந்தது இரண்டு துண்டங்கள், அவற்றின் விகிதம், கருவியின் பிரிப்புக் குழாயிலிருந்து மருந்து வெளிவரும் நேரம் மூன்றும் பொருந்த வேண்டும். சிறுநீரின் உப்புகள் சமிக்ஞையை அமுக்கும் என்பதால் அக நியமமும் (ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) கட்டாயம் சேர்க்க வேண்டும்.

மருந்து இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவசரம் கூடாது. வேறு மாத்திரையில் துளி அளவு கலந்துவந்த மருந்தும் கருவியில் தெரியும். அதனால்தான் 2021 முதல் ஊக்கமருந்து ஆய்வகங்கள் ஃபுரோசமைடு உள்ளிட்ட சிலவற்றுக்கு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்ற வரம்பைப் பின்பற்றுகின்றன. நோயாளியானால் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் வாங்கிப் பாருங்கள். டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த பிரஷர் மாத்திரையை, உள்ளே நீர் மருந்து இருப்பது தெரியாமலே சாப்பிடுகிறவர்கள் பலர்.